சுவருக்கு எந்தப் பக்கம் தண்ணீர்

ஆர்லா: ...அதனாலதான் சொல்றேன் கோரா, உங்கப்பா பம்பை அணைச்சாத்தான் என் கிணத்துல தண்ணி ஏறும்.

லோவல்: கேட்டியா? பெத்த பொண்ணு முன்னாலயே அப்பனைத் திருடன்ங்கறா.

ஆர்லா: திருடன்னு யாரு சொன்னா? நீ உறிஞ்சறன்னுதான் சொன்னேன்.

லோவல்: அப்ப நான் கொசுவா?

ஆர்லா: கொசுவுக்கு வெக்கம் உண்டு. குடிச்சதும் பறந்துடும்.

கோரா: போதும் நிறுத்துங்க! சால்ட் லேக் சிட்டியில இருந்து வண்டி ஓட்டிட்டு வந்து, காலையில இருந்து ரெண்டு கிணத்தையும் அளந்தது இதைக் கேக்கவா? விவாகரத்து வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நிலத்தைப் பிரிச்சீங்க, மாட்டைப் பிரிச்சீங்க. சண்டையை மட்டும் இன்னும் கூட்டுக்குடும்பமாவே வெச்சிருக்கீங்க.

லோவல்: நான் எங்கம்மா சண்டை போட்டேன்? இந்தக் கிர்ணிப்பழத்தைத் தின்னுட்டு சிவனேன்னு உக்காந்திருக்கேன்.

ஆர்லா: அந்தப் பக்கம் வெச்சுக் கடிக்காத லோவல். புதுசா பல் கட்டின பக்கம்.

கோரா: அப்பா பல் கட்டினது உனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்கே தெரியாதே.

ஆர்லா: அது... ஊர்ல பேசிக்கிட்டாங்க.

லோவல்: சின்ன ஊரும்மா. பல்லு விழுந்தா கடைத்தெரு வரைக்கும் சத்தம் கேக்கும்.

கோரா: சரி, ரெண்டு பேரும் இப்படி வாங்க. வேலிக்குப் பக்கத்துல இந்தப் பாறை. அம்மா, விரலால தேய்.

ஆர்லா: மணற்கல்லுதானே. பொறந்ததுல இருந்து என் பூட்ஸுக்குள்ள கொட்டிட்டே இருக்கு... ம், உதிருது.

கோரா: இப்ப இதோ, பாறை நடுவுல புடைச்சுக்கிட்டு வெள்ளையா நரம்பு மாதிரி ஓடுதே, இதைத் தேய்.

ஆர்லா: ம்ஹூம். நகம்தான் தேயுது.

லோவல்: நாக்கால தேய்ச்சுப் பாரு. உடைஞ்சிடும்.

கோரா: அப்பா!

லோவல்: பழம் தின்னேன், வாய் வழுக்கிடுச்சு. நீ சொல்லு.

கோரா: இந்தக் கல்லுங்கறது மணல் மணியா ஒட்டி நிக்கறது. மணிக்கும் மணிக்கும் நடுவுல சந்து இருக்கு. தண்ணி தங்கறது அந்தச் சந்துலதான். என்னைக்கோ பூமி இதைப் பிடிச்சு இழுத்திருக்கு. அப்ப ஒரு மெல்லிசான கோட்டுல மட்டும் மணியெல்லாம் உருண்டு, நெருங்கி, நொறுங்கித் தூளாயிடுச்சு. அந்தக் கோடுதான் இந்த நரம்பு.

ஆர்லா: எவ்வளவு நகர்ந்திருக்கும்?

கோரா: ஒரு நரம்புல ஒரு கோதுமை மணி நீளம் நகர்ந்திருந்தா அதிகம்.

லோவல்: இரு இரு. நொறுங்கின இடம்னா அது சொத்தை இடமில்லயா? கயிறு நைஞ்ச இடத்துலதானே மறுபடி அறும்?

கோரா: இந்தக் கல்லு அப்படி இல்லப்பா. தூளு போய் சந்துகளையெல்லாம் அடைச்சு இறுகிடுது. சுத்தி இருக்கற கல்லைவிட அதுதான் கெட்டி. அடுத்த தடவை இழுக்கறப்போ அது அசையாது, பக்கத்துல இளகின கல்லுதான் விட்டுக்கொடுக்கும். அங்க இன்னொரு நரம்பு. அது இறுகினதும் அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு.

லோவல்: அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா...

கோரா: நூத்துக்கணக்குல. இதோ, என் கை அகலத்துக்கு ஒரு கட்டையாவே சேர்ந்து நிக்குது பாருங்க.

ஆர்லா: எல்லாம் சரி. கோதுமை மணி, கோதுமை மணிங்கற. என் பக்கம் மேட்டுல இருக்கற அதே சிவப்புக் கல்லு, இவன் பக்கம் ஒரு வீட்டு உசரம் கீழ கிடக்கே?

கோரா: அப்படிக் கேளு! கட்டை நல்லாத் தடிச்சதும் ஒரு நாள் அதோட ஓரத்துல வழுவழுன்னு ஒரு முகம் உருவாகிடும். இங்க தடவு. கண்ணாடி மாதிரி இருக்கா? கீழ்நோக்கிக் கோடு கோடாக் கீறல் இருக்கா? அது வந்தப்புறம் புது நரம்புக்கு வேலையே இல்ல. அந்த முகத்து மேலயே ஒரு பக்கம் முழுசா வழுக்கி இறங்கிடும்.

லோவல்: என் பக்கம்தான் இறங்கணும்னு இருந்திருக்கு.

ஆர்லா: நீ என்னைக்கு ஏறின?

கோரா: அதென்ன, பிஸ்கட் நாய், அம்மா வண்டியில ஏறி முன் சீட்டுல உக்காந்திருக்கு? அது அப்பாவோடதாச்சே?

லோவல்: துரோகி. ஏசி இருக்கற வண்டியாப் பாத்துப் போயிடும். நீ தண்ணிக்கு வா. யாரு திருடறா?

கோரா: யாருமே இல்ல. இந்த நொறுங்கின தூள் வழியா தண்ணி லேசுல போகாது. வேலிக்குக் கீழ, நிலத்துக்குள்ள ஒரு சுவர் நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அப்பா பம்பை எவ்வளவு ஓட்டினாலும் அம்மா கிணத்துக்கு ஒண்ணும் ஆகாது.

லோவல்: ஆஹா! கொசுகிட்ட மன்னிப்புக் கேளு.

ஆர்லா: அப்ப என் கிணறு ஏன் இறங்கிச்சு?

கோரா: மலையில பனி குறைஞ்சுபோச்சு, உன் கிணறும் ஆழம் பத்தாது. அடியில நிறைய இருக்கு. தைரியமா இன்னும் ஆழமாத் தோண்டு.

லோவல்: என் பக்கம்?

கோரா: ...அப்பா, அந்த நிழல்ல உக்காந்து பேசலாமா?

லோவல்: நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லு.

கோரா: மலைத்தண்ணி அம்மா பக்கமாத்தான் வருது. வந்து சுவர்ல முட்டி நின்னுடுது. உங்க பக்கம் இருக்கறது பழைய தண்ணி. இறைக்க இறைக்கக் குறையும். திரும்பி ஊறாது.

லோவல்: எவ்வளவு நாளைக்கு வரும்?

கோரா: நாள் குறிச்சுச் சொல்ல முடியாதுப்பா. ஆனா அதை நம்பி இனிமே ஒரு கன்னுக்குட்டி கூட வாங்காதீங்க.

லோவல்: எங்கப்பா கையால கட்டின வீடும்மா. கதவு நிலை ஒண்ணொண்ணும் அவர் இழைச்சது.

ஆர்லா: கோரா... இன்னொரு தடவை அளந்து பாரேன். ரெண்டு கிணத்துலயும். அவசரத்துல ஏதாவது...

கோரா: நிதானமாத்தான் அளந்தேன். நீ ஜெயிச்சிருக்கம்மா! உன் முகம் ஏன் இப்படி வாடிப்போச்சு?

ஆர்லா: வெயிலு.

லோவல்: விடு ஆர்லா. புள்ள கல்லைப் பாத்துச் சொல்றா. நம்ம மூஞ்சியைப் பாத்துச் சொல்லச் சொன்னா நல்லாவா இருக்கும்?

ஆர்லா: உனக்கு வருத்தமா இருக்குமே...

லோவல்: இருக்கு. ஒரு வாரம் இருக்கும். அப்புறம் சரியாயிடும். ஹ்ம்... லாரியில கொண்டாந்து இறக்கின உன்னோட அந்தத் தகரடப்பா வீடு ஜெயிச்சிருச்சே, அதைத்தான் தாங்க முடியல.

ஆர்லா: தகரடப்பாவா? அதுல கூரை ஒழுகாது, தெரியுமில்ல?

லோவல்: தெரியும். ஆனா காத்தடிச்சா ஆடும்.

கோரா: வீடு எதுக்கு ஜெயிக்கணும்? அம்மா கிணத்துல இருந்து குழாய் போட்டுக் கொண்டு போனா ஆச்சு. அம்மா, நீ மனசு வெச்சா...

ஆர்லா: குழாய் வேண்டாம்.

கோரா: அம்மா! இவ்வளவு கல்நெஞ்சா உனக்கு?

லோவல்: அவளைத் திட்டாத. அவ கிணத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஓடை. போன ஆகஸ்டு வெள்ளம் என் இரும்புப் பாலத்தையே சுருட்டிட்டுப் போச்சு. குழாய் எந்த மூலைக்கு?

ஆர்லா: தேவையும் படாது.

லோவல்: கிழக்கு ஜன்னல் பக்கம் நான்தான் படுப்பேன். இப்பவே சொல்லிட்டேன்.

ஆர்லா: அது ஒப்பந்தத்துல இல்லையே.

லோவல்: தோத்தவனுக்கு ஒரு ஜன்னல் கூடவா தர மாட்ட?

கோரா: ஒரு நிமிஷம். என்ன ஒப்பந்தம்? யாரு எங்க படுக்கறது?

ஆர்லா: நீ சொல்லு லோவல்.

லோவல்: வாய் உன்னுதுதானே பெருசு. நீயே சொல்லு.

கோரா: யாராவது ஒருத்தர் சொல்லுங்க!

ஆர்லா: மே மாசம் பிரைஸ் டவுனுக்குப் போய் நீதிபதி முன்னால மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்டி. எந்த வீட்டுல குடியிருக்கறதுன்னுதான் அன்னையில இருந்து சண்டை. தண்ணி எந்தப் பக்கமோ அந்த வீடுன்னு கடைசியா முடிவு பண்ணோம்... முன்கூட்டியே சொல்லியிருந்தா, நீ பொறந்த வீட்டுப் பக்கமாத் தண்ணியைத் திருப்பிவிட்டிருப்பியே, அதான் வாயைத் திறக்கல!