பன்னிரண்டு பேர் மிச்சம்

மேடையில் இருக்கும் அருட்தந்தை சவா அவர்களே, தலைமை தாங்கும் தளபதி அவர்களே, லண்டனின் இந்தக் குளிர்ந்த மண்டபத்தில் கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக உட்கார்ந்திருக்கும் செர்பிய உறவுகளே! நான் வானொலி இஞ்சினியர். சுற்றிவளைக்கத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும்தான்.

நம்மை விட்டுப் போன பேராசிரியர் வுகாஷின் தெஸ்பிச்! சட்ட வரலாற்று அறிஞர்! போர்க்கால அரசின் கல்வி அமைச்சர்! அந்த மனிதர் பதினெட்டு ஆண்டுகள் இங்கே பிஸ்கட் ஆலையில் பெட்டி ஒட்டினார்; வீடு திரும்பி நம் மாத இதழை எழுதினார். தாய்நாட்டிலிருந்து முப்பத்தொரு பேர், பெல்கிரேடு கம்யூனிஸ்ட் அரசுக்குத் தெரியாமல், அவருக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பினார்கள். பெயர்களெல்லாம் ஒரே குறிப்பேட்டில். ஏன் எழுதி வைத்தீர்கள் என்று கத்தினேன்.

"எனக்கு எழுபது வயசு தம்பி. நான் மறந்துட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

சென்ற மாதம் அவருடைய குலப் புனிதர் நாள். காலையிலேயே வாசல் கதவுக்குப் பூட்டு மாட்டப் போனேன்.

"இன்னிக்கா? இன்னிக்கு யாருக்கும் கதவைச் சாத்தக் கூடாது. நீங்க யாருன்னு கேக்கவும் கூடாது."

"ஐயா, பெல்கிரேடு உளவாளி வந்தா?"

"வரட்டுமே! தாரிங்கா செஞ்ச முட்டைக்கோஸ் சுருளைத் தின்னா அவனும் கட்சி மாறிடுவான்."

"நீங்க பேச ஆரம்பிச்சா திரும்ப ஓடிடுவான்" என்றார் அவர் மனைவி தாரிங்கா உள்ளிருந்து.

நாற்பது பேர் வந்தார்கள். சாம்பல் கோட்டுக்காரர் ஒருவரை, வேறு யாருக்கோ உறவு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். நானே அவருக்குப் பிளம் பிராந்தி ஊற்றினேன். மாலையில் மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. குறிப்பேடு இல்லை.

இறந்தவரைக் குறை சொல்லலாமா? உயிரோடிருக்கும்போதே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்!  அவர் ஒன்பது நாள், சரியாகச் சாப்பிடாமல், நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகத் தோண்டியெடுத்தார். ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை அனுப்பினார். பத்தொன்பதாவது உறையை ஒட்டியபோது இதயம் நின்றுவிட்டது.

பன்னிரண்டு பேர் மிச்சம். யார் அவர்கள்? எனக்குத் தெரியாது. உங்களில் சிலருக்கு, அண்ணன் வழியாகவோ மாமன் வழியாகவோ, ஆளுக்கு ஒருவரைத் தெரியும். பெயரை இங்கே சொல்லாதீர்கள்! பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? என்னிடமும் வராதீர்கள். என்னை மட்டும் எதை வைத்து நம்புவீர்கள்?

"சித்திக்கு உடம்பு மோசம், உடனே ஊர் மாறச் சொல்லுங்கள்" என்று உங்களுக்குத் தெரிந்த அந்த ஒருவருக்கு எழுதினால் போதும், அவருக்குப் புரியும். ஐயாவும் அப்படித்தான் எழுதினார்.

இதழ் ஒன்றாம் தேதி வெளிவரும். அதற்கு அச்சுக் கோப்பவனும் நான்தான். அது என் வாக்கு. மௌன அஞ்சலி வேண்டாம் உறவுகளே. தபால் ஐந்தரைக்கு எடுக்கிறார்கள். எழுந்து போங்கள். தனித்தனியாகப் போங்கள்.