றோசலின் பாடிய இருநூறு சீடிகள்

கனடா, மொன்றியல் பொலிஸ் நிலையம். 2006 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20. விசாரணை அதிகாரி பிரெஞ்சில் கேட்டவற்றுக்குச் சொல்லப்பட்ட பதில்கள். தமிழில் எழுதியவர் மொழிபெயர்ப்பாளர் சிவாஜினி.

என் பெயர் சூசைப்பிள்ளை அருமைராசா. வயது 53. லாசாலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கிறேன். போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறேன். என் மனைவி றோசலின் கடந்த செப்டெம்பர் 9ஆம் திகதி புற்றுநோயால் இறந்தார்.

நான் களவாகப் பாட்டு விற்பதாக முறைப்பாடு வந்திருப்பதாக அதிகாரி சொன்னார். விற்கவில்லை. இணையத்தில் இருந்து இறக்கியது உண்மை.

1998இல் வலன்ரைன் என்பவர் தாம் இயற்றி இசையமைத்த கிறிஸ்தவப் பாடல்களைச் சீடியாக வெளியிட்டார். அதில் நான்கு பாடல்களைத் தனியே பாடியவர் என் மனைவி. அட்டையில் வலன்ரைனின் படமும் பெயரும் இருந்தன. பாடியவர்கள் என்ற இடத்தில் 'குழுவினர்' என்று மட்டும் போட்டிருந்தது. நான் சண்டைக்குப் புறப்பட்டபோது றோசலின், "விடுங்கோப்பா, பாட்டு அந்தாளின்ரைதானே" என்றார். அவர் விட்டார். நான் விடவில்லை. அதன் பின்னர் எட்டு வருடம் வலன்ரைனோடு கதைக்கவில்லை.

எங்களிடம் இருந்த சீடியை றோசலின் மன்னாரில் இருந்த தங்கைக்கு அனுப்பினார். அது அங்கே போரில் இடம்பெயர்ந்தபோது தொலைந்தது. வேறு எதிலும் அவர் குரல் இல்லை. வீட்டுத் தொலைபேசியில் செய்தி விடச் சொல்லும் குரல்கூட என்னுடையது.

அடக்கம் முடிந்த பின்னர், என்னோடு வேலை செய்யும் சவிரிமுத்து என்பவர் அந்தப் பாடல்கள் ஓர் இணையத்தளத்தில் கிடக்கின்றன என்று சொல்லி, வீட்டுக்கு வந்து காட்டித் தந்தார். இறக்கியது நான். யார் அங்கே ஏற்றியது என்று தெரியாது. இப்போது அந்தத் தளமே இல்லை.

வலன்ரைனிடம் ஏன் கேட்கவில்லை என்று அதிகாரி கேட்டார். கேட்டால் தந்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறவர்களுக்கு, இறந்தவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் உள்ள நினைவு மலர் கொடுப்போம். நான் இருநூறு மலர் அடித்து, ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் ஒரு சீடி ஒட்டினேன். சீடியில் 'பாடியவர்: றோசலின்' என்று அச்சிட்டேன். வலன்ரைனின் பெயரைப் போடவில்லை. மறதியா என்று அதிகாரி கேட்டார். மறதி அல்ல.

விற்காதவருக்கு இருநூறு எதற்கு என்று அதிகாரி மூன்று தரம் கேட்டார். தன் வீட்டிலும் இப்படிப்பட்ட மலர்கள் இருப்பதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது, அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் கூட்டு என்று நினைத்திருப்பார். இதையும் எழுதச் சொன்னேன்.

ஒக்டோபர் 24ஆம் திகதி பொலிஸார் வந்து என் கொம்பியூட்டரை எடுத்துச் சென்றார்கள். செய்தி பரவிய பின்னர், மலர் வாங்கியவர்கள் தங்களுக்கும் வில்லங்கம் வரும் என்று பயந்து, சீடியைப் பிய்த்தெடுத்துத் திருப்பித் தந்தார்கள். சிலர் கதவடியில் பையோடு வைத்துவிட்டு மணி அடிக்காமல் போனார்கள். மற்றவர்கள் குப்பையில் போட்டதாகச் சொன்னார்கள். என் கைக்கு வந்தவை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் இந்த நிலையத்தில் ஒப்படைத்தேன்.

காட்டிக் கொடுத்தவர் சவிரிமுத்து என்று சந்தேகப்பட்டேன். பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேலையிடத்தில் அவர் நீட்டிய கோப்பியை நான் வாங்காதபோது, "என்ன அண்ணை, என்னில ஐமிச்சமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஏனென்றால் இன்று காலை இந்த அறைக்கு வெளியே நடைபாதையில் வலன்ரைன் மடியில் நினைவு மலரோடு இருந்தார். முப்பத்தோராம் நாளுக்கு வந்து, என் கையைப் பிடித்து அழுது, சாப்பிட்டுப் போனவர். அவர், "நான்தான் சொன்னனான். கடையளில என்ர பாட்டைக் கொப்பி அடிச்சு விக்கிறாங்கள். மலரைக் கண்டவுடன நீர்தான் எண்டு நினைச்சன். அதில என்ர பேரும் இல்லை" என்றார். உம்முடைய அட்டையில் அவளுடைய பேர் இருந்ததோ என்று கேட்டேன். அவர் மலரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பாட்டு வலன்ரைனுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். சொல்லாமல் எடுத்தது பிழை. ஆனால் ஓர் அடி முடிந்து மறு அடி தொடங்க முன் அவள் மூச்சு எடுக்கும் சத்தமும் அவருக்குத்தான் சொந்தமா என்று கேட்டேன். வழக்கு முடிந்தால் சீடிகள் அழிக்கப்படும் என்று மட்டும் அதிகாரி சொன்னார்.

இதுவரை எழுதியதை மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டினார். அதன் பின்னர் நான் சொல்வது: 'ஒன்று விடாமல்' என்று மேலே சொன்னது பொய். ஒரு சீடி என் காரில் இருக்கிறது. இன்று இங்கே வரும்போதும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். பொய் சொல்லி அவள் குரலை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதை அழிக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். வாக்குமூலத்தில் வேண்டுகோள் எழுதுவதில்லை என்றார்கள்.

அந்த ஒரு வசனம் தவிர, இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடியே. வாசிக்கக் கேட்டு, விளங்கி, ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சூ. அருமைராசா

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: பிற்பகல் 12.05. காரில் இருந்து சீடி ஒன்று கைப்பற்றப்பட்டது. அதன் பின்னர் இவர் நடைபாதைக்குச் சென்று, முறைப்பாட்டாளர் வலன்ரைனுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஏதோ கேட்டார். வாக்குமூலம் முடிந்துவிட்டதால் அது பதிவு செய்யப்படவில்லை.