கொட்டாத மருந்து

பாலைவனத்துக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்து வைக்க மறந்துவிடுவார்கள், டாக்டர். பாலைவனம் என்றாலே வெயில் என்று நமக்குள் பதிந்துபோயிருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்கோடியில், ஆகஸ்ட் மாதத்து விடியற்காலையில், பல் கிட்டிப்போகிற குளிர். இதை என் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நானே ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்தேன். பை என்றால் துணிப்பை. பெட்டி கூடாது, அங்கே ஏறப்போகிற சின்ன விமானத்தில் நுழையாது. நீலச் சட்டையும் கூடாது, ஒரு வகை ஈ நீலத்தைத் தேடி வந்து கடிக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கோப்பு போட்டு வைத்திருந்தது நான்.

கதவைச் சாத்திவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அதற்கு நான் ஸ்வெட்டரைப் பற்றிப் பேசி மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். பதில் அங்கேதான் தொடங்குகிறது.

என் வீட்டுக்காரர் சரக்கு ரயில் ஓட்டினவர். முப்பத்து நாலு வருஷம். வீட்டில் படுத்த நாளைவிட ரயில்வே ஓய்வறையில் படுத்த நாள் அதிகம். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு, இன்றைக்கு வருவாரா என்று உட்கார்ந்திருப்பேன். குழந்தை குட்டி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வருஷாந்திரப் பரிசோதனையில் கண்ணில் அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்து, அவரை இன்ஜினிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். எனக்கு, உள்ளதைச் சொன்னால், அன்றைக்குத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

அப்புறம்தான் உங்களிடம் வந்தோம். வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணைக் காப்பாற்றலாம், ஆனால் காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு, ஆயுசுக்கும் தவறக் கூடாது என்றீர்கள். அவருக்குக் கை நடுங்கும். அதனால் நான் போட்டேன். நாற்காலியில் சாய்ந்து, முகத்தை மேலே தூக்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். சொட்டு விழுந்ததும் சுருக்கென்று எரியும். தேள் கொட்டினவர் மாதிரி "கொட்டுது, கொட்டுது" என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் ஒரு இடத்தில் எனக்காக அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

பயண யோசனையைக் கொண்டுவந்தது ஒட்டகம். அவருடைய ரயிலில் கார்டாக இருந்தவர். கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர். எட்டுப் பேர் மட்டும் போகும் குழு, பதினாறு நாள், மணல்மேடு, உப்பு வெளி, கடைசியில் யானைகள் இருக்கிற ஆற்றுப்பக்கம்.

"இத்தனை வருஷமா ரெண்டு தண்டவாளத்தையே பாத்தாச்சு. கோடே இல்லாத எடம் ஒண்ணைப் பாத்துடணும்ப்பா," என்றார் இவர்.

"நீயாவது வர்ற ஊரைப் பாத்த. நான் கடைசிப் பெட்டில உக்காந்து போன ஊரைத்தான பாத்தேன்," என்றார் ஒட்டகம்.

"அண்ணே, உங்களைப் பாலைவனத்துக்கு அனுப்பிச்சா திரும்ப விடுவாங்களா? சொந்தக்காரர்னு பிடிச்சு வச்சுக்கப் போறாங்க," என்றேன் நான்.

"என்னை வச்சுக்கிட்டா, தங்கச்சி, உன் வீட்டுக்காரன் எப்படி வீடு வந்து சேருவான்? பின்னாடியிருந்து கொடி காட்டாம அவனுக்கு நகரவே தெரியாதே."

மூன்று பேரும் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

போன செப்டம்பரில் படிவம் வந்தது. தட்டச்சு செய்தது நான்தான். ஒரு கேள்வி இருந்தது: உதவியில்லாமல் உயரமான வண்டியில் ஏறி இறங்க முடியுமா? அவருக்கு முடியும் என்று போட்டேன். எனக்கு முடியாது என்று போட்டேன். என் முழங்கால் உங்களுக்கே தெரியும், உங்கள் மாடிப்படியை நான் எப்படி ஏறுகிறேன் என்று பார்த்திருக்கிறீர்கள்.

"அப்ப நீ வரலையா?" என்றார்.

"எப்படிங்க வர்றது, இந்தக் காலை வச்சுக்கிட்டு."

"அதுவும் சரிதான். ஏம்மா, அந்த பைனாகுலர் எந்த அலமாரில இருக்கு?"

ஒரே தடவைதான் கேட்டார். இரண்டாவது தடவை கேட்டால் மாற்றிப் போடலாம் என்று அந்தப் படிவத்தை நாலு நாள் மேஜைமேலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அந்த வாரம் கண் மருந்து தீர்ந்தது. மருந்துக்கடை மூன்றாவது தெருவில். கால் வலித்தது. நாளைக்கு வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அவர் நாற்காலியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். குப்பியின் மூக்கை நெம்பி எடுத்து, உள்ளே தண்ணீரை நிரப்பினேன். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர். அதில் நான் ரொம்பக் கவனம். கண்ணுக்குள் போகிறதாயிற்றே.

அவர் தலைப்பைப் பிடிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குக் கொட்டவே இல்லையே."

"பழகிப்போச்சுங்க."

"மருந்து பழகல. உன் கை பழகிருச்சு," என்று சிரித்தார்.

நீங்கள் நினைப்பது போல நான் எதையும் பெரிதாகத் திட்டமிடவில்லை. அழுத்தம் கொஞ்சம் ஏறும், நீங்கள் பயணம் வேண்டாம் என்பீர்கள், உடனே மருந்தைத் தொடங்கிவிடலாம். அவ்வளவுதான். அதற்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. குழு ஏப்ரலில் கிளம்புவதாக இருந்தது. நான்தான் ஆகஸ்டுக்கு மாற்றச் சொன்னேன். ஏப்ரலில் மழை முடிந்து புல் உயரமாக நிற்கும், மிருகம் கண்ணில் படாது. ஆகஸ்டில் நீர் வற்றி எல்லாம் குட்டைக்கு வந்து சேரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பயண ஏஜென்ட்டே, "அம்மா, நீங்க எங்க ஆபீசுக்கு வந்துடுங்க," என்றார். எட்டுப் பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

பிப்ரவரியில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று இரண்டாவது மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தீர்கள். அவர் கடைக்குக் கூடவே வந்ததால் அதை மட்டும் வாங்க வேண்டியதாயிற்று. ஃபிரிட்ஜில் இருக்கிறது, சீல் உடைக்கவில்லை. மே மாதம் வந்தபோது, உடனே ஆப்பரேஷன் செய்தாக வேண்டும் என்றீர்கள். "பாக்கறதைப் பாத்துட்டு வந்து படுத்துக்கறேன் டாக்டர்," என்று அவர் கெஞ்சினார். மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அதட்டினீர்கள். "என் வீட்டுக்காரி ஒரு வேளை தவறினதில்ல," என்றார். அது உண்மை. ஒரு வேளைகூடத் தவறினதில்லை.

அன்றைக்கு நீங்கள் போகக் கூடாது என்று கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திரும்பும் வழியிலேயே மருந்து வாங்கியிருப்பேன். நீங்கள் பெருமூச்சு விட்டு, "வந்த மறுநாளே அட்மிட் ஆயிடணும்," என்றீர்கள். உங்கள்மேல் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் அவர் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். தம்ளரை மேஜைக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் வைத்தார். நான் துடைத்துவிட்டேன். நாளைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறேன். ஜூலையில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் முழுக்க வெயில்.

"ஏம்மா, மழை வரப்போகுதா? இப்படி இருட்டிக்கிட்டு வருதே."

கொடியில் துணிகள் மொரமொரவென்று காய்ந்துகொண்டிருந்தன.

"ஆமாங்க," என்றேன். "மேகமாத்தான் இருக்கு."

அந்த மாதக் கடைசியில் இடது கண்ணும் போய்விட்டது. வலி வராமல் இருக்கச் சொட்டை மட்டும் தொடருங்கள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னபோது, அவர் என் கையைத்தான் தட்டிக்கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒட்டகம் வந்தார். உட்காரவில்லை. இவர் பைனாகுலரை எடுத்து நீட்டினார்.

"எனக்கும் சேர்த்துப் பாத்துட்டு வாடா."

"நான் எதுக்குடா போகணும்? நீ இல்லாத வண்டில எனக்கென்ன வேலை?"

"பேசாம போ. கொடி காட்டியாச்சு."

ஒட்டகம் மாடிப்படியில் நின்று அழுத சத்தம் உள்ளே கேட்டது. இவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

குழு கிளம்பின நாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் அதே நாற்காலியில் உட்காருகிறார். நான் கோப்பை எடுத்து, குழு அன்றைக்கு எங்கே இருக்குமோ அந்த நாளைப் பிரிக்கிறேன்.

"இன்னைக்கு எங்க இருக்கோம்?"

"மணல்மேட்டு உச்சிலங்க. ஏறியாச்சு."

"என்ன கலரு?"

"செங்கல் கலர். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், நடுவுல கிழிச்ச மாதிரி ஒரு கோடு."

"இங்கயும் கோடா," என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "இந்தக் காலோட நீ எப்படி ஏறின?"

"உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான்."

கையை நீட்டி என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "அப்பவே உன்னை வான்னு சொல்லியிருக்கணும்," என்றார். "மூட்டுக்கு ஏதாவது பாத்திருக்கலாம். எனக்குத்தான் தோணல."

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மறுபரிசோதனைக்கு வந்தபோது நீங்கள் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் மருந்து கொட்டுகிறதா என்று அவரிடம் கேட்டீர்கள். ஒரு வருஷமாகக் கொட்டுவதே இல்லை, அப்படி ஒரு கை என்று அவர் பெருமையாகச் சொன்னார். உங்கள் முகம் மாறியது. மருந்துக்கடைக்குப் போன் செய்தீர்கள். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இத்தனை மாதமாக அவர் கண்ணில் என்ன போட்டீர்கள் என்று என்னைக் கேட்டீர்கள்.

தண்ணீர்தான், டாக்டர். பதினோரு மாதம், காலையும் மாலையும், நான்தான் போட்டேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. யாரைக் கூப்பிட வேண்டுமோ கூப்பிடுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டாம். இன்று பன்னிரண்டாம் நாள், இப்போதுதான் உப்பு வெளியைத் தாண்டியிருக்கிறோம். யானைகள் ஆற்றைக் கடக்கிற இடம் நாளை மறுநாள்தான் வருகிறது. இவ்வளவு ஆசைப்பட்டுக் கிளம்பின மனுஷரைப் பாதி வழியில் நிறுத்த யாருக்குத்தான் மனசு வரும்?