பேட்டரி ஒரு ஜோபில், போன் ஒரு ஜோபில்

2006, ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் செல்லும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு நெசவாளர்கள், மாமாவும் மைத்துனரும். மாமா சொன்னதைக் கேட்டுத்தான் நான் செய்தித்தாளை மடித்தேன்.

“போனு இந்த ஜோபுல, பேட்டரி அந்த ஜோபுல. இனிமே எவன் திருடுவான்?”

“ஏன் மாமா, போனுக்கு இன்னா ஆச்சி?”

“நேத்து டீக்கடையில நின்னுக்கினு இருந்தேன். புளூடூத்துல எவனோ இன்னாத்தயோ அனுப்பறான். வாங்கிக்கவான்னு போனு என்னையே கேக்குது.”

“ஆமான்னு அமுக்கிட்டியா?”

“அமுக்குவனா? வைரஸு உள்ள பூந்தா, புது முந்தானி டிசைன் போட்டோ பூடும். அடுத்த வாரமே எதிர்வூட்டுத் தறியில ஓடும்.”

“அதுக்குன்னு பேட்டரிய கழட்டுவியா? பெங்களூர் முதலாளி இன்னிக்குப் பேசறேன்னாரே. அந்த ஆர்டர நம்பித்தான நம்ம ரெண்டு தறியும் சும்மா கீது?”

அப்போது மைத்துனரின் போன் அடித்தது. சிறிது நேரம் கேட்டுவிட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டார்.

“அவருதான். உன் போனு கெடைக்கலியாம். டிசைன் போட்டோவ இன்னிக்கே அனுப்புனா இருபது பொடவைக்கு ஆர்டராம். இல்லாட்டி வேற ஆளுக்குப் பூடுமாம்.”

“அனுப்பறதுன்னா, போன்லயா?”

“போன்லதான்.”

மாமா தம் இரண்டு சட்டைப் பைகளையும் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில் யார் யார் கையில் போன் இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“சாயங்காலத்துக்குள்ள நேர்ல வந்து காட்டறேன்னு சொல்லு,” என்றவர், கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“பெங்களூர் பஸ்ஸு எத்தன மணிக்குபா?”