ஏழாவது பெயரும் மூணு கிலோ திராட்சையும்

ஹலோ... ஆமா மாமா, நான்தான். லேப்ல இருக்கேன், மெதுவாத்தான் பேச முடியும்... என்னது, கண்ணாஸ்பத்திரிக்குப் போகலையா? பத்து மணிக்கு லேசர்னு அத்தை சொன்னாங்களே... போன் பண்ணி வேணாம்னுட்டீங்களா.

ஆமா, ஆமா... பேப்பர்ல வந்தது எங்க ஆராய்ச்சிதான்... இல்ல மாமா, என் பேரு கடைசியில, ஏழாவதா... திராட்சைத் தோல்ல இருந்து எடுத்த சத்துதான். சர்க்கரை உள்ள எலிங்களுக்கு விழித்திரை கெடுறது குறைஞ்சுது. குறைஞ்சுது, அவ்வளவுதான்...

நேர்விகிதம் போட்டீங்களா... கணக்கு சரிதான் மாமா, முப்பது வருஷம் கணக்கு வாத்தியார், தப்பு வருமா. எலி இருநூறு கிராம், நீங்க எண்பது கிலோ, நானூறு மடங்கு, சரி... அதனால?... தினம் மூணு கிலோ திராட்சையா.

தோல் மட்டுமா?... அதான், யாரு உக்காந்து உரிக்கிறது... எத்தனை நாளா?... மாமா, உங்களுக்கு இருக்கிறதே சர்க்கரை... மருந்தாச் சாப்பிட்டா ஏறாதா? அது ரத்தத்துக்கு எப்படித் தெரியும்?

காலையில சர்க்கரை மெஷின் என்ன காட்டுச்சு?... ஏன் அத்தையைக் கூப்பிடுறீங்க, நீங்களே படிங்க... கண்ணாடி போடலையா?... போட்டிருக்கீங்க.

வலது கண்ணை மூடுங்க. எதிர்ல சுவர்க் கடிகாரம் தெரியுதா?... முள்ளு?... முள்ளே இல்லையா. எப்ப இருந்து?... கறுப்பா வேற பறக்குதா... கொசுன்னு நினைச்சு அத்தையை மருந்தடிக்கச் சொன்னீங்களா.

இல்ல மாமா, எழுதித் தர முடியாது... லேசர் வேணாம், திராட்சை போதும்னு டாக்டருக்கு நான் லெட்டரா? நான் எலிக்கூண்டு கழுவுற ஏழாவது ஆளு...

ஆமா, எலிங்க கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு... எப்படிப் பார்த்தோமா?... வெளிய எடுத்துத்தான்... ஆமா, கண்ணைத்தான். மெல்லிசாச் சீவி, கண்ணாடித் துண்டுல ஒட்டி, மைக்ராஸ்கோப்ல... இல்ல, திருப்பி வைக்கல.

மாமா?... ஆஸ்பத்திரியில எடுக்காமலே பார்ப்பாங்க.

... ஆமா... ஆமா, இன்னிக்கேதான் போகணும். கறுப்பாப் பறக்குதுன்னு மறக்காமச் சொல்லுங்க, கொசுன்னு சொல்லாதீங்க... அத்தைகிட்ட குடுங்க.

அத்தை, நீங்களும் கூடப் போங்க. அவரால போர்டு படிக்க முடியாது... என்னது, அதுக்குள்ள ஆட்டோவுல ஏறிட்டாரா... கையில பையா? திராட்சை... டாக்டருக்காம். சரி, குடுக்கட்டும். போற வழியில பை உங்க மடியில இருக்கட்டும் அத்தை... என்னது, பிரிச்சிட்டாரா... ஹலோ?... ஹலோ...