நண்பகலில் இரு நாடுகளைப் பார்த்தவருக்கு

பசுமையைப் படத்தில் பார்க்காமல் பாதையில் இறங்கிப் பார்த்த பண்பாளரே! கோப்புகளுக்கு முன்னால் மேடமாகவும், மதியச் சாப்பாட்டு மேசையில் அக்காவாகவும் இருந்தவரே! பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வணக்கம்.

இன்னும் நான்கு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். அறிக்கையில் அடைமொழியைக் கண்டால் பென்சிலால் சுழிப்பது உங்கள் வழக்கம் என்பதால் நாங்களே அடித்துவிட்டோம்.

முப்பது ஆண்டுகளாக இந்த ஒப்பாய்வுப் பிரிவில் நீங்கள் சொல்லிவந்தது ஒன்றுதான்: "காலையில எந்தப் பூங்காவும் அழகாத்தான் இருக்கும். உச்சி வெயில்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க." அதனால் உங்களுக்கு 'உச்சிவெயில்' என்று பெயர் வைத்தோம். அது உங்களுக்குத் தெரியாது என்றும் நம்பியிருந்தோம். ஒருநாள் ஓட்டுநர் தொலைபேசியில், "உச்சிவெயில் கிளம்பிருச்சு, தொப்பிய எடுத்துக்கோங்க" என்றபோது, பின்னிருக்கையிலிருந்து "எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுப்பா" என்றீர்கள். ஓட்டுநரின் சிரிப்பு அடங்கும்வரை அன்று வண்டி சாலையோரத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

அண்டை நாட்டின் பசுமை வளர்ச்சியையும் நம்முடையதையும் ஒப்பிட்டு அறிக்கை தரும் பணி இவ்வாண்டு வந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்ததுபோல், அறிக்கைக்கு முன்பே மேலிடத்திலிருந்து முடிவும் வந்துவிட்டது. அவர்கள் தெரு நெடுக அமைத்திருக்கும் நீள்பூங்காவைப் போலவே நம் பேருந்து நிலையத்தின் பின்தெருவிலும் ஒன்று அமைப்பது. அதற்காகப் பழைய மரங்களை வெட்டுவது. மரத்தடியில் பிழைக்கும் முடிதிருத்துபவரையும், செருப்புத் தைப்பவரையும், துணி தேய்க்கும் தம்பதியையும் அகற்றுவது.

ஒப்பிட்டுப் பார்க்க அண்டை நாட்டுக்குப் போனோம். அவர்கள் காலையில் காட்டிய அந்தப் பூங்காவை நாங்கள் படமாக எடுத்துத் தள்ளினோம். நீங்களோ பகல் விருந்தின் பாதியில் எழுந்து மறுபடியும் அங்கே போனீர்கள். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தோம். புல்வெளி இருந்தது, பளிங்கு இருக்கைகள் இருந்தன, ஓர் ஆள் இல்லை. உட்காரப் போன தட்டச்சர், "அய்யோ, இது பெஞ்சு இல்ல மேடம், அடுப்பு!" என்று துள்ளி எழுந்தார்.

ஆனால் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் திரும்பவில்லை. அந்நகரின் சாலையோரக் கன்றுகள் பட்டுப்போகாமல் நிற்பது எப்படி என்று விசாரித்தீர்கள். அங்கே நட்டவர்களே மூன்று கோடைக்குக் காக்க வேண்டும். அப்புறம்தான் வேலை முடிந்ததாகக் கையெழுத்து விழும். நம் நாட்டிலோ நடுவது விழா. விழா முடிந்தால் கன்று அனாதை.

நம் பின்தெரு மரத்தடியில் உச்சி வெயிலிலும் ஆட்கள் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அவர்களுடைய பொறுப்பை வாங்கிக்கொள்வோம், பூங்காவை அவர்களிடமே விட்டுவிடுவோம்" என்று அறிக்கையை முடித்தீர்கள். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கும்மா வம்பு?" என்றார் மேலதிகாரி. "இப்ப விட்டா எனக்கு வேற நேரம் இல்ல சார்" என்றீர்கள்.

அறிக்கைக்கு மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. வெட்டப்போகும் மரங்களில் ஒப்பந்தக்காரர் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். நீங்கள் விடைபெற்றதும் வேறொரு கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடும் என்று அஞ்சினோம். சரியாகத் தூங்கினோம் என்று எங்களில் எவரும் சொல்ல முடியாது.

முந்தாநாள் ஆணை வந்தது. தெருவும் மரங்களும் அப்படியே இருக்கும். மூன்று கோடைக் காவல் நம் சாலைகளுக்கும் வரும். எழுத்தர் உரக்கப் படித்து முடித்ததும் அலுவலகமே விட்ட பெருமூச்சில் மேசைத் தாள்கள் பறந்திருக்கும்!

நீங்கள் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்ததால், தெருவுக்குச் சேதி சொல்ல நாங்கள் போனோம். முடிதிருத்துபவர் ஒருவரின் பாதித் தலையோடு கத்தரியை நிறுத்தி, "அப்ப நாளைக்கும் கடை போடலாமா?" என்றார். "போடுங்கண்ணே" என்றோம். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னோம்.

அக்கா, உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னோமா என்ற ஐயம் எங்களுக்கு இருக்கிறது. அந்தத் தெரு எங்களைவிட நன்றாகச் சொல்லும். அதற்கு ஒரு நாளையைத் தந்துவிட்டுப் போகிறீர்கள். உங்களுக்கும் நோயற்ற, அவசரமற்ற நாளைகள் நிறைய வரட்டும்!

நிம்மதியோடும் நன்றியோடும்,
ஒப்பாய்வுப் பிரிவின் பணியாளர்கள்