அமல்ராஜ், ஆண், வயது 36

உங்கள் ஸ்டேஷனில் குடிக்கத் தருகிற தண்ணீர் சில்லென்று இல்லாமல் இருப்பது நல்ல விஷயம் மேடம். ஐஸ் தண்ணீர் தொண்டைக்கு ஆகவே ஆகாது. பதினோரு வருடமாக நான் தொட்டதில்லை. உங்கள் ரைட்டர் காலையிலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறார். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்த மாதிரி விஷயத்தில் தள்ளிப்போடக் கூடாது.

நீங்கள் கேட்டு, நான் சொல்லி, அவர் டைப் அடித்தால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன். சம்மதித்ததற்கு நன்றி.

எழில் என்று நீங்கள் போஸ்டரில் பார்க்கிறவனின் நிஜப் பெயர் கஜபதி. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே பிளாக். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷிஃப்ட். ஆளைப் பார்த்தால் ராஜா மாதிரி இருப்பான், வாயைத் திறந்தால் கீச்சுக் குரல். பத்தாவது படிக்கும்போது பொங்கல் விழா நாடகத்தில் அவனுக்கு ராஜா வேஷம். முதல் வசனத்திலேயே ஜனம் சிரித்துவிடும் என்று பயந்து, திரைக்குப் பின்னால் என்னை நிறுத்திப் பேசச் சொன்னார்கள். அவன் வாயை அசைத்தான். கைதட்டல் அவனுக்குத்தான். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. சர்ச்சில் வாசகம் வாசிக்கிற பையனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல் படம் கிடைத்தபோது ஓடி வந்தான்.

"மச்சான், மூஞ்சி ஓகேவாம், கொரல்தான் சொதப்புதாம். வேற ஆள வெச்சி பேசிக்கலாம்ன்றாரு டைரக்டரு. வேற ஆளு இன்னாத்துக்கு, நீ கீறியே!"

எனக்கு அப்போது ஃபேக்டரியில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அப்பா கெஞ்சினார். நான் சேரவில்லை. டப்பிங் என்றால் குரலை மட்டும் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். திரையில் இருப்பவன் எங்கே மூச்சு எடுக்கிறானோ அங்கே நாமும் எடுக்க வேண்டும். அவன் எச்சில் விழுங்கினால் நாமும் விழுங்க வேண்டும். எழில் எந்தச் சொல்லுக்கு முன்னால் கண்ணைச் சிமிட்டுவான் என்று அவனைப் பெற்றவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சவுண்ட் இன்ஜினியர் சுலைமான் பாயைக் கேட்டுப்பாருங்கள். ஒரு ரீலுக்கு இரண்டாவது டேக் நான் கேட்டதே கிடையாது.

படம் ஓடியதும் இன்னொரு நாள் வந்தான்.

"அமலு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கொரல வேற எவனுக்கும் குடுத்துடாத. இன்னொரு படத்துல கேட்டா ஜனம் கண்டுபுட்சிடும். அப்புறம் நான் காலி."

சரி என்றேன். சீரியல் வந்தது, விளம்பரம் வந்தது, வேறு இரண்டு ஹீரோக்கள் கேட்டு அனுப்பினார்கள். எல்லாவற்றையும் மறுத்தேன். சர்ச்சில் வாசகம் வாசிப்பதையும் நிறுத்தினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். சொல்ல முடியாமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கேட்டான், நான் கொடுத்தேன். நான்கு படம் அப்படிப் போயிற்று.

ஐந்தாவது படம்தான் 'முப்பத்தொன்பது நிமிடங்கள்'. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகளைக் கடத்திவிடுவார்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிற அப்பன் முப்பத்தொன்பது நிமிடத்துக்குள் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். போலீஸ் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டே வழி காட்டுகிற அதிகாரியாக அகல்யா நடித்தது. அதுவரை தங்கச்சி வேஷமும் ஒரு பாட்டுக்கு ஆட்டமுமாக இருந்த பெண். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி வந்து வாய்ப்புத் தேடியது. சொந்தக் குரலில்தான் பேசும். படப்பிடிப்பில் ஒரு நாள் எழிலிடம், "உங்க குரல்ல உண்மை இருக்கு சார், எதுக்கு ஒளிச்சு வெக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் கேட்டிருக்கும். டைரக்டரும் பிடித்துக்கொண்டார்.

காட்டுப்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர் வாசலில் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னான்.

"கோச்சிக்காத மச்சான். இந்த ஒரு படம் நானே பேசிப் பாக்கறேன். நீயே சொல்லிக் குடேன்."

நூம்பலில் என் வீட்டில் நாற்பது நாள் சொல்லிக்கொடுத்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த எதையும் மறைக்கவில்லை. கீச்சுக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பிறகு கரகரக்க ஆரம்பித்தது. டைரக்டர் துள்ளிக் குதித்தார். லாரி ஓட்டுகிறவனின் குரல் இதுதான் என்றார்.

எனக்கு அது பிடிபடவில்லை. கத்துவதால் வருகிற கரகரப்பு, தூங்கி எழுந்தால் கொஞ்சமாவது குறையும். இவனுக்குக் காலையிலும் அப்படியே இருந்தது. டப்பிங் முடிந்த பிறகும் போகவில்லை. சிகரெட்டையும் விடமாட்டான். வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். வேறு யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் என் பெயரில் ஓ.பி. சீட்டு போட்டது அவன் யோசனை. "படம் வர்ற நேரம் மச்சான். ஹீரோவுக்குத் தொண்டைல கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போச்சி, முட்ஞ்சிது. உன் பேர்ல போட்ரு" என்றான். அமல்ராஜ், ஆண், வயது முப்பத்தாறு. ஃபோன் நம்பரும் என்னுடையது. தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறை வாசலிலிருந்து "அமல்ராஜ்!" என்று கூப்பிட்டார்கள். நானும் பாதி எழுந்துவிட்டேன். அவன் எழுந்து போவதைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டேன். பதினோரு வருடமாக என் குரல் அவன் பெயரில் ஓடியது. அன்றைக்கு அவன் தொண்டை என் பெயரில் உள்ளே போனது. வேடிக்கையாக இருந்தது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வாங்க அடுத்த சனிக்கிழமை காலையில் நான் மட்டும் போனேன். பார்வதம் என்று ஒரு சிஸ்டர். "நீங்கதான் அமல்ராஜா?" என்றார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை மேடம். உட்காரவைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். புற்றுநோய். முதல் கட்டம்தான். ஆறேழு வாரம் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தால் போதும், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாகிவிடும், குரலும் தப்பிக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். "பயப்படாதீங்க சார். உங்க பேச்சு எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம்" என்றார். நான் அழுதேன். அவனுக்காகத்தான் அழுதேன். ஆனாலும், என் பெயரைச் சொல்லி ஒருவர் இப்படிக் கவலைப்பட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் டிரெய்லர் வெளியீட்டு விழா. முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது வரிசையில் எனக்கு இடம். தொகுத்து வழங்கிய பெண் அவனிடம், குரல் புதிதாக இருக்கிறதே என்று கேட்டது.

"முதல் நாலு படத்துல யாரோ ஒருத்தர் பேசினாங்க," என்றான். "எனக்கே அது ஒட்டல. இப்பதான் நான் நானா இருக்கேன்."

அரங்கம் முழுக்கக் கைதட்டல். அகல்யா எழுந்து நின்று தட்டியது.

யாரோ ஒருத்தர். கேட்டதை எல்லாம் கொடுத்தேன். வேலை, கல்யாணம், சர்ச் வாசகம், எல்லாம். பெயர் போடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. குறைந்தபட்சம், ஒட்டவில்லை என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் விழுங்கிய ஒவ்வொரு எச்சிலையும் நான் விழுங்கியிருக்கிறேன். இதற்குப் பெயர் துரோகம் இல்லை என்றால் வேறு எதற்குத் துரோகம் என்று பெயர் வைப்பீர்கள்?

மேடைக்குப் பின்னால் செல்ஃபிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனே என்னிடம் வந்தான்.

"மச்சான், ரிப்போர்ட் இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லடா. கத்தினதுல புண்ணு. வெந்நீர் குடி, போயிடும்."

கட்டிப்பிடித்தான். "நீ கீறன்ற தைரியத்துலதான் மாமே நான் ஓடினுகீறேன்" என்றான். அதையும் மேடையில் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஊரே அந்தக் கரகரப்பைப் பேசிக்கொண்டிருந்தது. படம் வந்தபின் கேட்கவே வேண்டாம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள்கூட அந்தக் குரலில் பேசிப் பார்த்தார்கள். பத்திரிகைகளில் 'ரத்தமும் சதையுமான குரல்' என்று எழுதினார்கள். அது உண்மைதான். எழிலுக்கு அடுத்தடுத்து மூன்று படம். அகல்யா தெலுங்குக்குப் போய், அங்கிருந்து இந்திக்குப் போனது. இத்தனை பேர் மகிழ்ந்திருக்கும்போது நடுவில் போய் நிற்க நான் யார்? யாரோ ஒருத்தர்.

அம்பத்தூர் தியேட்டரில் அந்தப் படத்தைப் பதினோரு தடவை பார்த்தேன். டப்பிங்கை ரீல் வரிசையில் மூன்று வாரம் பேசியிருந்தான். அதனால் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை அது வளர்வது எனக்குக் காதில் கேட்டது. கடைசியில் லாரியிலிருந்து குதித்து, "பாப்பா!" என்று கத்துவானே, குரல் இரண்டாகப் பிளக்கும். அங்கேதான் விசில் பறக்கும். எதற்கு விசில் அடிக்கிறார்கள் என்று அந்தத் தியேட்டரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

பார்வதம் சிஸ்டர் மூன்று தடவை ஃபோன் செய்தார். "சார், சின்ன வயசு உங்களுக்கு, அலட்சியமா இருக்காதீங்க" என்பார். வேறு ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை, "குரல் இன்னும் கணீர்னு ஆயிடுச்சே சார், வைத்தியம் நல்லா கேக்குது போல" என்று சந்தோஷப்பட்டார். ஆமாம் சிஸ்டர் என்றேன். அந்த அம்மாளை இதில் இழுக்காதீர்கள்.

ஒன்பது மாதம் கழித்து ஷூட்டிங்கில் எழிலுக்கு மூச்சு அடைத்தது. அந்தப் படத்திலும் கூட நடித்த அகல்யாதான் தூக்கிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. கரண்ட் வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. நோய் முழுக்கப் போய்விட்டதா என்றும் சொல்ல முடியாதாம்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் பார்க்கப் போனேன். ஃபோனில் எழுதிக் காட்டினான். 'மச்சான், படம் பாதில நிக்குது. நீ பேசுவியா?'

பேசுவேன் என்றேன். அந்தப் பதினோரு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை. கரகரப்பைப் பழக எனக்கு ஆறு நாள்தான் ஆனது. சுலைமான் பாய் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "அமலு, எனக்கே வித்தியாசம் தெரியலப்பா" என்றார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழில் நடிக்க, நான் பேச, ஐந்து ரீல் முடிந்தது.

அதற்குள் அகல்யா முதல் ஆஸ்பத்திரிக்குப் பழைய ஃபைலைத் தேடிப் போயிருக்கிறது. எழில் என்ற பெயரில் இல்லை, கஜபதி என்ற பெயரிலும் இல்லை. யார் பெயரில் போட்டோம் என்று எழிலே எழுதிக் காட்டியிருக்கிறான். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டது இதுதான் என்பதால் தெளிவாகவே எழுதுகிறேன். ரிப்போர்ட்டை மறைத்தது நான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் மறைத்தேன். யாரும் தூண்டவில்லை. அது நூம்பல் வீட்டில் என் பைபிளுக்குள் இருக்கிறது. மடிப்புகூட விழாமல் வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இன்னும் மூன்று ரீல் பாக்கி. போலீஸ் காவலோடு என்றாலும் சரி, அதைப் பேசி முடிக்க அனுமதி வாங்கிக் கொடுங்கள். வேறு யார் பேசினாலும் அவனுக்கு ஒட்டாது.

நேற்று அவனை இங்கே வரவழைத்து எதிரில் உட்காரவைத்தீர்கள். அவன் ஃபோனில் எழுதி நீட்டினான். 'ஏன் மச்சான்?' நான் அதை வாய்விட்டுப் படித்தேன். அவன் எங்கே மூச்சு எடுப்பானோ அங்கே எடுத்து, அவன் குரலிலேயே படித்தேன். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நீங்கள் என்னை அதட்டி, அவனை வெளியே கூட்டிப்போனீர்கள். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் மேடம். தன் குரலில் தான் பேசுவதை அவன் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. அது சந்தோஷத்தில் வந்த அழுகை. அவனைப் பற்றி எனக்குத் தெரியாதா?